இடப்பக்கம் மூடவில்லை

"படு! படு! எல்லாரும் படு!"

டிரைவர் அப்பு கத்துகிறார். லோரி ஒரு பக்கமாகச் சாய்கிறது. ரப்பர் பால் நிரப்பிய தகரத் தோம்புகள் உருள்கின்றன. பால் என் முகத்தில் கொட்டுகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. காது மட்டும்தான் இருக்கிறது.

முதலில் டப், டப். ஒற்றை ஒற்றையாக. காட்டுப் பக்கத்திலிருந்து. பிறகு, பின்னால் வந்த பட்டாளத்து வண்டியிலிருந்து ஒரே சரமாக. அப்புறம் தகரத்தில் ஏதோ விழுந்து உருள்கிறது. டங். டங். அடுத்து வந்ததை எனக்குச் சத்தம் என்று சொல்ல வரவில்லை. அது வந்ததும் மற்ற எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் காலை வெட்டு முடிந்து, பாலைக் கொண்டுபோகிற நேரம். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகள், எங்கள் பேச்சில் காட்டுக்காரர்கள், ஒரு பக்கம். பட்டாளம் ஒரு பக்கம். நடுவில் பால் மரம் வெட்டுகிற நாங்கள். உருண்டு வந்த குண்டு யார் வீசியது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்கு வாய் இல்லை.

என் புருஷன் முனியாண்டி என் மேல் விழுந்து கிடக்கிறார்.

"செல்லம், உசிரு இருக்கா?"

"இருக்கு. எந்திரிங்க, கனக்குறீங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமலில் ரத்தம்.

குண்டுச் சில்லு பாய்ந்தது எனக்கு வலப்பக்கம், கடைசி விலா எலும்புக்குச் சற்று மேலே. அவருக்கு இடப்பக்கம், அதே உயரத்தில். தாலி கட்டிய நாளிலிருந்து எல்லாவற்றையும் பங்கு போட்டுத்தான் தின்றோம். இரும்பையும் அப்படியே பங்கு போட்டுக்கொண்டோம். காயம் கட்டைவிரல் நகம் அளவுதான். இரண்டு பேருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் தட்டிப் பார்த்தார். சின்ன ஓட்டை, அறுக்க வேண்டாம், தானாக ஆறும் என்று தமிழ் தெரிந்த நர்ஸை எங்களிடம் சொல்லச் சொன்னார். அறுக்க வேண்டாம் என்றதும் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! கத்திக்குத் தப்பினோம் என்று சனமெல்லாம் சொன்னது. அன்று ராத்திரி காய்ச்சலில் முனியாண்டி வேண்டிக்கொண்டார். "ஆத்தா, எங்க ரெண்டு பேரையும் எழுப்பி விடு. ஒனக்குக் காவடி எடுக்கிறேன்." ஒரு காவடி, இரண்டு உயிருக்கு.

தோல் மூடியது. சீழ் நின்றது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவர் தழும்பைத் தடவிப் பார்த்து, "போ போ, மரம் வெட்டப் போ. கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கே" என்றார். வெளியே மூடிவிட்டது. உள்ளே எட்டிப் பார்க்க யாரிடம் கண் இருந்தது?

தோட்டம் வேண்டாம் என்று மலாக்கா டவுனுக்கு வந்தோம். காஜா பெராங்கில் ஓர் அறை. அவருக்குச் செமாபோக் பக்கம் சாலைக்குத் தார் ஊற்றும் வேலை. மூன்று கவளம் சாப்பிட்டதும் அவருக்கு மூச்சு வாங்கும். இடத் தோளில் வலி என்பார். படுத்தால் தூக்கம் வராது, சுவரில் சாய்ந்துகொண்டு தூங்குவார். ஒருநாள் என் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார்.

"ஏ புள்ள, கேளு. உள்ளார தவள கத்துது."

கேட்டேன். இதயம் துடிக்கும் இடத்தில் தண்ணீர் புரளும் சத்தம். களகள. களகள. வயிற்றில் கேட்க வேண்டியது நெஞ்சில் கேட்கிறது.

"டாக்டர்கிட்ட போவோம்."

"வாய்வுலா, இதுக்குப் போயி டாக்டரா? அதான் ஆறிப்போச்சில்ல."

போனோம். பச்சையாக ஒரு தண்ணி மருந்து கொடுத்தார்கள். நெஞ்சில் கைவைத்துப் பார்க்கவில்லை.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். மறு வருஷம் மாரியம்மன் திருவிழா. வேண்டிக்கொண்ட காவடி லீவு கிடைக்காமல் வருஷா வருஷம் தள்ளிப்போயிருந்தது. "இனி என்ன தடுக்க யாரு இருக்கா? கடன வச்சிக்கிட்டு சாவணுமா?" என்றார். விரதம் இருந்தார். வெறும் வயிறு. காலையில் தாகம் என்று ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு காவடியைத் தோளில் ஏற்றினார்கள்.

உறுமி அடிக்கிறது. வெயில் ஏறுகிறது. அவர் ஆடுகிறார். குனிந்து நிமிர்கிறார். தெருமுனையில் நின்றுவிடுகிறார். நெஞ்சைப் பிடிக்கிறார். முழங்கால் மடிகிறது. உதடு நீலம். கண் மேலே சொருகுகிறது. உடம்பு உதறுகிறது.

"அருள் வந்திருச்சி! ஆத்தா எறங்கிட்டா!"

குலவை. மஞ்சள் தண்ணீர். வாயில் எலுமிச்சம்பழம். உறுமிக்காரர் இன்னும் வேகமாக அடிக்கிறார். ஒருத்தி அவர் காலில் விழுந்து கேட்கிறாள், "ஆத்தா, எம் மவனுக்கு வேல கெடைக்குமா? சொல்லு ஆத்தா!"

"மூச்சு..." என்கிறார் முனியாண்டி. "மூச்சு..."

"மூச்சுப் பிடிச்சி ஒழைக்கச் சொல்றா ஆத்தா!" என்று ஒருவர் விளக்கம் சொல்கிறார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

நான் கத்துகிறேன். "அருள் இல்ல! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

"ஏம்மா, சும்மா இரு. ஆத்தா கோவிச்சிக்குவா."

எந்தக் காலத்திலோ மலாக்காவில் குடியேறிய சிட்டி வம்சத்துப் பக்கத்து வீட்டு அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் வராது, வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். "சாக்கிட்! டியா சாக்கிட்!" என்று கத்தினார். நோய், இவருக்கு நோய். எங்கள் பாஷை தெரியாத அந்த ஒருத்தி மட்டும்தான் அவர் உதட்டைப் பார்த்தார். மற்ற எல்லாரும் ஆத்தாளைப் பார்த்தார்கள். இரண்டு பேருமாகக் காவடியைக் கழற்றினோம். மிதித்து ஓட்டும் திரிஷா வண்டியில் ஏற்றினோம். உறுமிச் சத்தம் வெகுதூரம் பின்னால் வந்தது. போகிற வழியிலேயே அவர் நெஞ்சில் அந்தத் தவளை அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர். உடலை அறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில ஒரு தசை கிடக்கு, அம்மா. அதுதான் மூச்சு இழுக்கிறது. அதில விழுந்த ஓட்டை மூடவே இல்லை. கை முறிஞ்சால் கட்டி வைக்கலாம். இதுக்கு ஓய்வே இல்லையே. ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடும். நெஞ்சு மேலே உறிஞ்சும், வயிறு கீழேயிருந்து தள்ளும். முதலில கொழுப்பு வந்து அடைச்சிருக்கும். பிறகு ஓட்டை பெருத்து இரைப்பை ஏறியிருக்கு. இண்டைக்குப் பாரம் தூக்கினவுடன் முழுக்க ஏறி முறுக்கிப் போட்டுது."

"அறுத்துத் தைச்சிருந்தா?"

"தைச்சிருந்தால் மூடியிருக்கும்."

"எனக்கும் அதே காயம், ஐயா. வலப்பக்கம். நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவர் தன் வலப்பக்க விலாவில் கைவைத்துக் காட்டினார். "அங்கை ஈரல் கிடக்கு. அது போய் ஓட்டையில சாஞ்சு நிக்கும், மற்றது ஏற விடாது. சின்ன ஓட்டையெண்டால் சிலவேளை தானே மூடும். உங்களுக்கு மூடியிருக்கோ, ஈரல் அடைச்சுக்கொண்டு நிக்குதோ, திறந்து பாராமல் சொல்ல ஏலாது."

அவர் ஒருவர்தான் எங்களிடம் பொய் சொல்லாதவர். வந்து சேர்ந்த நேரம்தான் தப்பு.

மறக்காதீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். வெளித்தழும்பைப் பார்த்து ஆறிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நெஞ்சில் வயிற்றின் சத்தம் கேட்டால் வாய்வு என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு முட்டுகிறவனிடம் குறி கேட்காதீர்கள்.

செத்தவர்களின் கணக்கு இது. லோரியில் டிரைவர் அப்பு. என்னோடு மரம் வெட்டிய பொன்னி. அவள் தங்கை வள்ளி, பதினாறு வயது. இந்த மூன்று பேரை அரசாங்கம் எண்ணியது. நான்காவது முனியாண்டி. சண்டை நடந்த இடத்தில் சாகவில்லை, மெர்டேக்காவுக்குப் பிறகு, சாமிக்கு ஆடும்போது விழுந்து செத்தார். அதனால் அவரை எண்ணவில்லை. நான் எண்ணுகிறேன். நாலு.

ஐந்தாவது ஆள் வலப்பக்கத்தில் கைவைத்தபடி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.