மூன்று ஜப்பான் போத்தல்கள்

தலைமன்னார் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் மச்சாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்கட அண்ணர் ஜப்பானில இருந்து மூண்டு போத்தல் சாக்கே கொண்டந்திருக்கிறார். அரிசியில வடிக்கிறதாம். ஒண்டை இளஞ்சூட்டில குடிக்கோணுமாம். மற்றது குளிர்ந்தால்தான் பழவாசம் தெரியுமாம். கலங்கல் போத்தலை மெல்லச் சரிச்சுக் கலக்கிப்போட்டு ஊத்தோணுமாம். இவ்வளவு ருசியும் எப்ப பழகினவர்?"

"அண்ணர் குடிக்கமாட்டாரே. போகேக்க, இனிக் குடியைத் தொடன் எண்டு மடுக் கோயில் மாதாவுக்கு நேத்தி வைச்சவரெல்லோ?"

"கேட்டனான். சாராயம், கள்ளு, பியர், விஸ்கிக்குத்தான் நேத்தியாம். சாக்கேக்கு இல்லையாம்."

மச்சாள் அவள் பக்கம் சரிந்தாள்.

"நேத்தி வைக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான். ஒவ்வொண்டாப் பேர் சொல்லித்தான் வைச்சவர். குடிக்கமாட்டன் எண்டு ஒரு சொல்லில முடிக்காமல், ஏன் இவர் இப்பிடி இழுக்கிறார் எண்டு அப்பவே யோசிச்சனான்."