ரிச்சர்ட் சார் பூட்டிய சிப்

அவர் ஏன் அதைப் பூட்டினார்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேதான் இந்த நினைவுக் கூட்டத்தில் உங்கள் முன் நிற்கிறேன்.

மேடையில் உள்ள தலைவர் ராமலிங்கம் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும், சாரின் மனைவி பெர்சிஸ் அக்கா, ஞாயிறு மின்னணுச் சங்கத்தின் தோழர்களே, வணக்கம்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் மின்சாரப் பராமரிப்பை ஆறு நாள் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் ஆராதனை முடிந்த கையோடு பஸ் பிடித்து லாங் பஜாரில் நம் சங்கத்தின் மாடி அறைக்கு வந்தவர் யார்? நம் ரிச்சர்ட் ஞானசீலன் சார். கம்ப்யூட்டரில் எழுதிய நிரலை நாற்பது கால் சிப்புக்குள் ஏற்றிவிட்டால், அதன்பின் கம்ப்யூட்டரே இல்லாமல் அந்தச் சிப் தனியாக வேலை செய்யும் என்று 1997இல் நமக்குக் காட்டியவர் யார்? அவர்தான். உள்ளிருக்கும் நிரலை வேறு யாரும் படிக்க முடியாதபடி எந்தச் சிப்பையும் பூட்டக்கூடாது, நிரலை அச்சடித்துப் பீரோவில் வைக்க வேண்டும் என்று விதி செய்தவரும் அவர்தான்.

அந்த விதியின் விலையை ஷபீ அஹமது அறிவார். தண்ணீர்த் தொட்டிக்குச் செய்த சிப்பை அவர் பூட்டியபோது நடந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

“என் புரோகிராம் சார். நான் பூட்டுனா இன்னா?”

“பூட்டணும்னா கடை வெச்சுக்கோப்பா. இங்க வராத.”

ஷபீ ஐந்து வருடம் வரவில்லை. இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒடுகத்தூர் பள்ளிக்கு, நேரம் பார்த்துத் தானாக அடிக்கும் மணியை சாரும் நானும் சேர்ந்து செய்தோம். விடுமுறை நாட்களுக்கான பகுதி நான் எழுதியது. சுத்தமாகப் பிரதி எடுக்கிறேன் என்று என் பிளாப்பியை வாங்கிக்கொண்டார். நம்பிக் கொடுத்தேன். அவர் இறந்த பத்தாம் நாள், அரையாண்டுத் தேர்வுக்கு மணி நேரத்தை மாற்றித் தரச் சொல்லித் தலைமையாசிரியை ஆரோக்கியமேரி சிப்பைக் கொடுத்தனுப்பினார். படித்துப் பார்த்தேன். பூட்டப்பட்டிருந்தது. பீரோவில் கோப்பின் அட்டை இருந்தது, உள்ளே ஒரு தாள் இல்லை. கூடவே இருந்த என் பிளாப்பியும் காலி.

இதை இங்கே சொல்லலாமா என்று பெர்சிஸ் அக்காவிடம் கேட்டேன். “சொல்லிடும்மா. மறைச்சா அதையும் நான்தான் சொமக்கணும்” என்றார்.

யாரை நம்பாமல் பூட்டினார்? என்னையா? நம் எல்லோரையுமா? அவரைப் புகழ வந்த இடத்தில் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் புகழ்ந்தால் அதைவிட வெட்கம்.

இந்தப் பூட்டைத் திறக்க ஒரே வழி, உள்ளே இருப்பதை முழுதும் அழிப்பது. நாளை ஒடுகத்தூர் போகிறேன். அவர் கையால் ஏற்றியதை அழித்து, அதே சிப்பில் புதிதாக எழுதுவேன். அவர் மீறிய அவருடைய விதியை நான் காப்பேன். என்னால் தரக்கூடிய உறுதி இவ்வளவுதான்.

இவ்வுரை சங்க மலருக்குப் போவதால், மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். திங்கள் காலைத் தேர்வு, தண்டவாளத் துண்டைத் தட்டித் தொடங்கியது. பள்ளி வாசலில் ஷபீ நின்றிருந்தார். சட்டைப்பையிலிருந்து புதுச் சிப்பை எடுத்து நீட்டினார். “அத அழிக்காதீங்க மேடம். கெடக்கட்டும்.” வாங்கிக்கொண்டேன். பழைய சிப் இப்போது அந்த வெற்றுக் கோப்பில் இருக்கிறது. மூன்று மணிக்குப் புதியதில் ஏற்றி முடித்தோம். விடுமுறைப் பகுதி இன்னும் பாக்கி.

கடைசியாகக் கம்ப்யூட்டர் திரை வழக்கமான கேள்வியைக் காட்டியது. ஷபீ என்னைப் பார்த்தார்.

“பூட்டவா மேடம்?”

“வேணாம்” என்றேன்.