கால் மணி நேரச் சத்தம்

அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா. வியர்த்தால் பரவாயில்லை. இரைச்சல் கேட்டால் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. மற்றபடி எதையும் மறைக்கப் போவதில்லை.

திருச்செங்கோட்டில் நான் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சோனிகேட்டர் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் தொட்டி, அவ்வளவுதான். மாவைக் கரைசலில் கலந்து குப்பியை அதில் இறக்கினால், காதுக்கு எட்டாத ஒலியலைகள் மாவை உலுக்கி, ஒட்டியிருக்கும் நஞ்சைக் கரைசலுக்குள் கொண்டுவந்துவிடும். அந்தக் கரைசலைத்தான் அடுத்த மெஷின் அளக்கும். காதுக்கு எட்டாது என்பதெல்லாம் புத்தகத்தில். எனக்குக் காதுக்குள் கொசு புகுந்தது போல இருக்கும். அந்தக் கால் மணி நேரமும் நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பேன்.

என் அண்ணன் கதிர்வேல் சத்துமாவு ஆலை வைத்திருக்கிறார். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். அவருடைய மாவு பரிசோதனைக்கு வந்தது. பூசணம் பிடித்த நிலக்கடலையைப் போட்டு அரைத்திருந்தார்கள், நஞ்சு எக்கச்சக்கம். போனில் சொன்னேன்.

"அம்மிணி, ஆலையைப் பூட்டிருவாங்க. நீயே பாத்து ஏதாச்சும் பண்ணு சாமி," என்றார். அதுவரை அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

மறுபரிசோதனை செய்வது தவறில்லை. அன்றைக்குத் தலைவலி வேறு. குப்பியை இறக்கி, சத்தம் தொடங்கியதுமே நிறுத்திவிட்டேன். நஞ்சு மாவிலேயே தங்கிவிட்டது. மெஷின் நல்ல மாவு என்றது. அது சொன்ன எண்ணில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. பிறகு வந்த மாவுக்கும் அப்படியே செய்தேன்.

பக்கத்து வீட்டு அஃபீபாவின் மகன் தௌசீப்புக்கு ஒன்றரை வயது. "பிரியாக்கா, இந்த மாவைப் பையனுக்குக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமாக் குடு. நானே டெஸ்ட் பண்ணுனதுதான்," என்றேன். அது பொய்யில்லையே.

காமாலை கண்டு, ஈரல் கெட்டு, குழந்தை போய்ச் சேர்ந்தது. அஃபீபாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான். எனக்கும் அழுகை வந்தது.

என் மகள் கனிஷ்காவுக்கும் அதே வயதுதானே, அவளுக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிறீர்கள். அவளுக்கு நான் அந்த மாவைக் கொடுத்ததில்லை. அண்ணன் மாதாமாதம் அவளுக்கென்று கொடுத்தனுப்பிய பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் அஃபீபாவிடம் தந்துவிடுவேன். குழந்தைகள் சாப்பிடுகிற பொருளை வீணாக்க எனக்கு மனம் வராது.