ஆறாவது நாற்காலி

என் பெயர் சாமியப்பன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காலை ஐந்து மணிக்கு எழுவேன். செய்தித்தாளைப் படித்தபின் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைப்பேன். கதவைப் பூட்டினால் பூட்டை மும்முறை இழுத்துப் பார்ப்பேன். வீடு பார்க்க வந்த முதல் நாளே, சத்யப்பிரியா, நீங்கள் அதைக் கவனித்துவிட்டு, "பூட்டு பாவமுங்க, விட்ருங்க" என்றீர்கள். உங்கள் கலகலப்பு எனக்குப் பிடித்திருந்தது.

விற்பவன் குறைகளை மறைத்தல் முறையன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு என்பதையும், சன்னல்கள் பக்கத்துக் கட்டடத்தின் சுவரையே பார்க்கும் என்பதையும், அங்கே நிட்டிங் மெஷின்கள் பகலெல்லாம் ஓடும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டேன். ஒரு நாற்காலியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதற்காகவே இக்கடிதம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் கணவர் வேல்குமாரும் அந்த இரண்டாம் மாடி வீட்டிலுள்ள மரச்சாமான்களுக்கு விலை பேச வந்தீர்கள். கட்டிலும் பீரோவும் எளிதில் படிந்தன. சாப்பாட்டு மேசையிலும் அதன் ஆறு நாற்காலிகளிலுந்தான் பேச்சு நின்றது. பதினெட்டாயிரத்தில் ஒரு ரூபாயும் குறையாது என்றேன். வேல்குமார் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, அஞ்சு சேரு நல்லாருக்குது. இந்த ஆறாவதுல காலு ஒட்டுப் போட்டிருக்குதுங்களே. இதுக்கும் சேத்தியா காசு கேக்கறீங்க?"

"மரம் தேக்கு" என்றேன்.

"தேக்குத்தானுங்க. தேக்கு தானா ஒடையாதுங்களே."

நீங்கள் குனிந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்து, "இதுல யாரப் போட்டு அடிச்சீங்க, வாத்தியாரய்யா?" என்றீர்கள். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், மேசையையும் நாற்காலிகளையும் விலையின்றியே எடுத்துக்கொள்ளுமாறு கூறினேன். வேல்குமார் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. "எங்க கம்பெனில யாராச்சும் சரக்கச் சும்மா குடுத்தா, மொதல்ல திருப்பிப் போட்டு டேமேஜ் பாப்பமுங்க" என்றார். நல்ல பழக்கம். அவருடைய ஐயம் சரியானது.

அந்த மேசை என்னுடையதன்று. ஆறாண்டுகள் அவ்வீட்டில் குடியிருந்த பெரியகருப்பன் என்பவருடையது. சாத்தூர்ப் பக்கத்துக்காரர், கட்டிங் மாஸ்டர், மனைவியை இழந்தவர். தனியாள் ஒருவர் ஆறு பேர் அமரும் மேசையை வாங்கியது எனக்கு முதலில் விளங்கவில்லை. முழங்கால் வலியால் கம்பெனி வேலையை விட்டபின், பனியன்களுக்கான அளவுக் காகிதங்களை அம்மேசைமீது விரித்து வெட்டிக் கொடுத்துப் பிழைத்து வந்தார்.

என் மனைவி சாரதாமணி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவள். துணியின் போக்கு அவளுக்குத் தெரியும். ஒருநாள் குடிநீர்க் கட்டணம் கேட்கச் சென்றவள், காகிதத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள உட்கார்ந்தாள். அதன்பின் நாள்தோறும் காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து இறங்கிப் போவாள். அதில் முறைகேடான செய்கை எதுவும் இல்லை. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பதினான்கு முறை செருப்பின்றிப் படியிறங்கிச் சென்று பார்த்திருக்கிறேன். கதவு எப்போதும் அகலத் திறந்தே இருந்தது. இவள் சன்னலோர நாற்காலியில். அவர் மேசையின் எதிர்ப்புறத்தில். இடையில் காகிதமும் கத்தரியும்.

அப்படிச் சென்ற ஒருநாள் அவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஏம்மா, வாத்தியாரு இன்னைக்கு எத்தன தப்பு கண்டுபிடிச்சாக?"

"மூணுங்க மாஸ்டர். ரசத்துல ஒண்ணு, எம்பட பேச்சுல ரெண்டு."

"அப்ப இன்னைக்கு நீங்க பாஸு."

அவள் சிரித்தாள். நாற்பத்தோர் ஆண்டு இல்லறத்தில் அச்சிரிப்பை நான் கேட்டதில்லை. எங்களுக்கு மக்கட்பேறு இல்லை; ஆகவே அவள் சிரிக்க வேண்டுமானால் அது என்னோடுதான் நிகழ்ந்திருக்க வேண்டும். நிகழவில்லை. அன்றிரவு உணவின்போது நானும் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து, "ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று கேட்டாள்.

சொந்த உபயோகத்திற்கு வீடு தேவைப்படுகிறது என்று சொல்லிப் பெரியகருப்பனை வெளியேற்றினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. போகும்போது, "லாரி வாடகைக்கு இந்த மேசை பெறாதுய்யா. அம்மாவுக்கே இருக்கட்டும்" என்று சொல்லிச் சென்றார்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாளும் பத்து மணிக்குச் சாரதாமணி சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அதற்கு மறுநாளும். மாஸ்டர் இருந்தபோதே கட்டிங் வேஸ்ட் துணியில் அவளே தைத்த நீல மெத்தையை இட்டு, அதே நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

"அங்கே போய் என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருக்கறனுங்க."

ஆள் இருந்தால் காலி செய்யச் சொல்லலாம். ஆளற்ற நாற்காலியை எவ்வாறு காலி செய்யச் சொல்வது? வீட்டை விற்றுவிடத் தீர்மானித்தேன். அவள் எதிர்க்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊட்ட வித்துக்குங்க. அந்த டேபிளையும் சேரையும் மட்டும் மேல கொண்டாந்தர்லாங்க."

"இடமில்லை."

"அளந்து பாத்துட்டனுங்க. நம்ம கட்டலத் திருப்பிப் போட்டா எடம் இருக்குது."

நான்கைந்து நாள் இப்பேரம் நடந்தது. மேசை வேண்டா, இரண்டு நாற்காலிகள் போதும் என்றாள். பிறகு ஒன்று போதும் என்றாள். உங்கள் கணவரைவிட அவள் திறமையாகப் பேசினாள். வாழ்நாளில் அவள் என்னோடு இவ்வளவு பேசியதும் அப்போதுதான். ஆயினும் எங்கள் கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்ற சொல்லை என்னால் கடக்க இயலவில்லை.

சாரதாமணி சர்க்கரை நோயால் இறந்தாள் என்று உங்களிடம் கூறியிருந்தேன். அது பொய்யன்று; முழுமையுமன்று. எட்டரை மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்வாள். பதினொரு மணிக்குள் மறுபடியும் எதையேனும் உண்ண வேண்டும். தவறினால் கை நடுங்கிக் கண் இருளும். அதற்காகக் கீழ்வீட்டு அலமாரியில் பிஸ்கட் டப்பா ஒன்றும், கொஞ்சம் சர்க்கரையும் வைத்திருந்தாள். வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள், துப்புரவாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவள் இறந்ததற்கு முந்தின மாலை அலமாரியைத் துடைத்தபோது, அவளறியாமல் அவ்விரண்டையும் நான் எடுத்து வந்துவிட்டேன். அவள் மறுபடி பார்க்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். நான் எடுத்து வைத்த பொருள்களை அவள் என்றும் சரிபார்த்ததில்லை.

மறுநாள் என்மீதிருந்த வருத்தத்தில் காலையில் ஓர் இட்டிலி மட்டும் உண்டு எழுந்தாள். பத்து மணிக்குக் கீழே போனாள். கைப்பேசி வழக்கம்போல் எங்கள் ஃபிரிட்ஜின்மேல் கிடந்தது. சற்றுப் பொறுத்து நானும் இறங்கினேன். அவள் கதவுக்கு முதுகு காட்டி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவை மெல்லச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டினேன். மும்முறை இழுத்துப் பார்த்தேன். அண்டை வீட்டார் எல்லாரும் எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வங்கிக்குச் சென்றிருந்தேன் என்றும், திரும்பியபின் தேடிச் சென்று அவளைக் கண்டேன் என்றும் எல்லாரிடமும் சொன்னேன். வங்கிக்குச் சென்றது மெய். ஆனால் பன்னிரண்டரை மணிக்குமேல்தான் சென்றேன். அதுவரை படிக்கட்டில், கதவிலிருந்து ஏழாம் படியில் அமர்ந்திருந்தேன்.

முதலில் மரியாதையாகத்தான் தட்டினாள். "ஏனுங்க, கதவு சாத்திக்கிச்சுங்க" என்றாள். சிறிது நேரங்கழித்து, "ஏனுங்க, படபடன்னு வருதுங்க, சித்த தொறங்க" என்றாள். பிறகு தான் அமர்ந்திருந்த நாற்காலியால் கதவை மோதினாள். தேக்கு தானாக உடையாது என்று வேல்குமார் சொன்னது சரியே. ஒன்பதாவது மோதலில் உடைந்தது. அதன்பின் கையால் தட்டினாள். அதன்பின் தட்டவில்லை.

பத்தொன்பது முறை அழைத்தாள். பத்தொன்பது முறையும் என்னையே அழைத்தாள். மாஸ்டரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. எங்கள் இல்லறத்தில் அவள் என்னை மட்டுமே நினைத்திருந்த இரண்டு மணி நேரம் அது என்று உறுதியாகச் சொல்வேன். திறந்திருந்தால் அது முடிந்துபோயிருக்கும்.

பிற்பகல் திறந்தேன். நாற்காலியின் காலை அன்று மாலையே பசையிட்டு ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன். மருத்துவர், "சுகர் எறங்கிருச்சுங்க, பாவம், தனியா இருந்திருக்காங்க" என்றார். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. மூன்று மாதங்களாக நன்றாகவே உறங்குகிறேன். ஆகையால் குற்றவுணர்ச்சி தாளாமல் எழுதுகிறேன் என்று நீங்கள் எண்ண வேண்டா.

நேற்று மாலை தொலைபேசியில் நீங்கள் கூறிய செய்திதான் என்னை எழுதச் செய்தது.

"அய்யா, அந்தக் கட்டிங் மாஸ்டரு வாட்ச்மேன்கிட்ட நம்பரு வாங்கிக் கூப்புட்டாருங்க. அம்மா உக்காந்த சேரு, நீல மெத்தை போட்டது, அது ஒண்ணு மட்டும் கேக்கறாருங்க. பேசறப்பவே அழுதுட்டாரு. ஒடஞ்சதுதானுங்களே, குடுத்தர்றேன்னு சொல்லீட்டேன். வெள்ளிக்கிழமை வர்றாருங்க."

நீங்கள் நல்ல மனத்தோடு வாக்களித்தீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வந்து கேட்கக்கூடும் என்று அஞ்சியே சாமான்களை உங்களிடம் இலவசமாகத் தள்ளிவிட்டேன். உங்களிடமே கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அந்நாற்காலியை எரித்துவிடலாமா என்று நேற்றிரவு எண்ணினேன். எரித்தால் சாம்பலையாவது கேட்பார். அவர் வீட்டு மூலையில் அது நிற்பதையும், அவர் அதைப் பார்த்து அழுவதையும், அவள் இறுதிவரை தம்முடைய நாற்காலியில் இருந்தாள் என்று நம்புவதையும் என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

குற்றத்தில் பயன்பட்ட பொருள் காவல்துறையின் பொறுப்பில் இருக்கும். வழக்கு முடியும்வரை அதை யாரும் கேட்டுப் பெற இயலாது. வழக்குகள் பல்லாண்டு நடக்கும் என்று கேள்வி. பெரியகருப்பனுக்கு வயது எழுபத்தொன்று.

வீட்டை வாங்குவதோ, முன்பணத்தைத் திரும்பப் பெறுவதோ உங்கள் விருப்பம். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். நாளை வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு, இக்கடிதத்தின் மற்றொரு படியுடன், அந்த நாற்காலியை நானே சுமந்துகொண்டு காவல் நிலையத்திற்குச் செல்வதென்று முடிவு செய்துள்ளேன்.