விரலில் மாட்டிய கிளிப்

“அது சும்மா கத்திகினே இருந்துச்சிம்மா. அவுரு தூக்கம் கெட்டுடும்னு கயட்டி வெச்சிட்டு வந்துட்டேன்.”

மதியம். ஆவடி பஸ் அம்பத்தூரைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் இருக்கையில், காலி டிபன் கேரியரை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்தில் சீருடையில் இருந்த நர்ஸிடம் சொன்னார்.

“எதைக்கா கழட்டினீங்க?”

“விரல்ல மாட்டி மிசின்ல சேத்திருந்தாங்களே, அந்தக் கிளிப்பு. ஆபரேசன் வலில எங்க ஊட்டுக்காரரு கண்ணே மூடலை. காலைல ஊசி போட்டாங்க. இப்பதான் கொறட்டை உட்டுத் தூங்கிகினு கீறாரு.”

“எப்பவும் குறட்டை விடுவாரா?”

அந்தப் பெண் யோசித்தார். “இல்லியே.”

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வலிக்குப் போடுற சில ஊசி மூச்சையே குறைச்சிடும்க்கா. புதுசா வர்ற குறட்டை அதுக்கு அறிகுறியா இருக்கலாம். அதைப் பார்த்துக் கத்தத்தான் அந்தக் கிளிப்பு. கூட யாரு இருக்கா?”

“பையன் கீறான்.”

“போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கிசுகிசுப்பு கேட்டது. “மெதுவா பேசும்மா. அப்பா தூங்குறாரு.”

நர்ஸ் போனைப் பிடுங்கினார்.

“தம்பி, அப்பாவை உலுக்கி எழுப்பு. சிஸ்டரைக் கூப்பிடு. வார்டே முழிச்சிக்கட்டும், கத்து.”