குடும்பத்துக்கு ஒரு படம்

வெம்பிளி பஸ்ஸில் முதியோர் இருக்கையில் விதிப்படி அமர்ந்திருந்தேன். முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒன்று. கணவர் டை கட்டியிருந்தார்.

“நாப்பது வருஷமா ஒரு பொம்பிளையோட ஒரே வீட்டில இருக்கிறன். இண்டைக்குத்தான் முகம் பாக்கப் போறன்,” என்றார் மனைவி.

“சும்மா பாட்டுக்காரியே அவ? பதினாறு வயசில உருது ரேடியோவில பாடத் தொடங்கினவ. பிறகு எத்தினை படத்துக்குப் பின்னணி பாடினவ தெரியுமே?”

“பதினாறு வயசில நானும் கோயில்ல தேவாரம் பாடினனான். ஆர் கேட்டது?”

“நீர் பாடி நான் கேக்கேல்லையே.”

“நீங்கள் பாடச் சொல்லிக் கேக்கேல்லை. உருதில ஒரு சொல்லாவது விளங்குமோ உங்களுக்கு?”

“விளங்காது.”

“நான் தமிழில சொல்லுறதும் விளங்கிறேல்லை. ஆனா அவவுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பியள்.”

“அவவுக்கு எண்பது வயசப்பா. வீல்சேரில வாறா.”

“மகளின்ர கலியாணத்துக்கும் நீங்கள் டை கட்டேல்லை.”

கணவர் பேச்சை மாற்றக் கச்சேரி டிக்கெட்டை எடுத்தார். “கச்சேரி முடிய அவவோட நிண்டு படம் எடுக்கலாமாம். குடும்பத்துக்கு ஒரு படம்தான்.”

“நல்லது. நீங்கள் போனைப் பிடியுங்கோ. நான் அவவுக்குப் பக்கத்தில நிக்கிறன்.”

எட்டி டிக்கெட்டைப் படித்தேன். குடும்பத்தில் யார் நிற்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவரும் இரண்டு முறை படித்துவிட்டு டையைத் தளர்த்தினார்.