படத்தில் இல்லாத பெட்ரோல் பங்க்

...இவ்வளவு நேரம் இந்த மேடையில நம்ம புவியியல் வாத்தியார் என்ன சொன்னார்? வரைபடம்னா திசை இருக்கணும், அளவு இருக்கணும், குறியீடு இருக்கணும்னார். ரொம்பச் சரி. ஆனா மனுஷன் கையில பென்சிலைக் குடுத்தா என்ன நடக்கும்? அதுக்கு எங்கிட்ட ஒரு சின்னக் கதை இருக்கு. சிரிச்சுக்கிட்டே கேளுங்க, வலி அப்புறம் தெரியும்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையோட பெரியப்பா பேரு நாச்சிமுத்து. பத்திரிகைக்குப் பின்னாடி மண்டபத்துக்கு வழி காட்டுற படம் போடுவோமில்லையா... அதை நான்தான் வரைவேன்னு அவரே உக்காந்துட்டார். செல்போன்ல பேச மட்டும் முடிஞ்ச காலம் அது. வெளியூர்க்காரன் அந்தப் படத்தை நம்பித்தான் வந்து சேரணும்.

வரைஞ்சார் பாருங்க படம்! அவரோட வீடு... மூணு மாடியா நிக்குது. அவரோட தறிப்பட்டறை... ரயில்வே ஸ்டேஷன் கணக்கா நீளுது. காவிரி? ஓரமா வாய்க்கால் மாதிரி போகுது. கல்யாண மண்டபம்? மண்டபம் ஒரு புள்ளிங்க, வெறும் புள்ளி!

அச்சாபீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். "ஏனுங்க அண்ணா, இதுல வடக்கு எதுங்க?"

"எங்க வீட்டு வாசல் பார்க்குதல்ல, அதான் வடக்கு."

"உங்க வாசல் கிழக்கால பார்க்குதுங்களே!"

"படத்துல வடக்கால பார்க்கட்டும். உனக்கென்ன?"

"சரிங்க... மெயின் ரோட்டுல இருந்து மண்டபம் எத்தனை கிலோமீட்டர்னு போடறதுங்க?"

"சொந்தபந்தம் வர்றதுக்குத் தூரம் ஏது? பக்கம்னு போடு."

அச்சாபீஸ்காரர் தலையைச் சொறிஞ்சார். "அதெல்லாம் இருக்கட்டுங்க... திரும்பற முக்குல பெரிய பெட்ரோல் பங்க் இருக்குதே, நம்ம சென்னியப்ப அண்ணன் பங்க்... அதைக் காணமுங்களே?"

பெரியப்பா முகம் சுருங்கிப்போச்சு. "அப்படி ஒரு பங்க் எங்க ஊர்ல இல்லை!"

ஏன் இல்லை? சென்னியப்பன் அவரோட பங்காளி. வரப்புத் தகராறு. பேச்சும் கிடையாது, பத்திரிகையும் வைக்கலை. பஸ்ஸுல கண்டக்டரே "பங்க் ஸ்டாப் எறங்கு"ன்னுதான் கூவுறார், ஊருக்கே அடையாளம் அதுதான். பெரியப்பா என்ன பண்ணினார்? அந்த இடத்துல ஒரு புளியமரத்தை வரைஞ்சு வச்சார். பங்க் கட்டும்போதே வெட்டிச் சாய்ச்ச புளியமரம்! செத்த மரத்துக்கு உயிர் வந்துடுச்சு... உயிரோட இருக்கிற பங்காளி காணாமப் போயிட்டான்.

கல்யாண நாள் வந்துச்சு. முகூர்த்தம் நெருங்குது. கரூர்ல இருந்து வேன்ல வரவேண்டிய பொண்ணோட தாய்மாமனைக் காணோம். அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்லைங்க. தோள்ல தூக்கி வளர்த்தது அந்த மாமன்தான். புள்ள சொல்லிடுச்சு: "எங்க மாமா வராம நான் மணவறைக்கு வர மாட்டேன்." ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது.

போன் அடிச்சுது. பெரியப்பா பாய்ஞ்சு எடுத்தார். "எங்க இருக்கீங்க சம்பந்தி?"

"புளியமரத்தைத் தேடிட்டு இருக்கோமுங்க! சுத்திச் சுத்தி ஒரு பெட்ரோல் பங்குக்கே வர்றோம். படத்துல பங்க் இல்லீங்களே... ஊர் மாறி வந்துட்டோம்னு வண்டியைத் திருப்பிட்டோமுங்க!"

பாருங்க... கண்ணு முன்னாடி பங்க் நிக்குது. கையில இருக்கிற காகிதம் இல்லைங்குது. மனுஷன் எதை நம்பினார்? காகிதத்தை!

மண்டபமே பெரியப்பா வாயைப் பார்க்குது. "அது... அந்த இடந்தானுங்க... அங்கதான் திரும்போணும்."

"திரும்பி வந்த வழியில இன்னும் ரெண்டு மூணு பங்க் இருக்குதுங்க. எதுன்னு பேரைச் சொல்லுங்க சம்பந்தி!"

பேரு! பல வருஷமா அந்த நாக்குல ஏறாத பேரு... உள்ள பொண்ணு அழுவுது. பெரியப்பா வாயைத் திறந்தார். "செ... சென்னி... சென்னியப்பன் பங்க்!" பக்கத்துல மைக் இருந்ததால தெரு வரைக்கும் கேட்டுச்சு.

வேன் வந்துச்சு. முன்னாடி புல்லட்டுல வழி காட்டிட்டு வந்தது யாரு? சென்னியப்பனேதான்! மாமன் ஓடிவந்து பொண்ணு கையைப் பிடிச்சார், தாலியும் ஏறுச்சு. சென்னியப்பனை முதல் பந்தியில உக்கார வச்சாங்களான்னு கேக்குறீங்களா? ஐயோ, நீங்க ரொம்ப நல்லவங்க! வாசல்லயே ஒரு கலர் சோடா குடுத்து அனுப்பிட்டாங்க.

சிரிச்சாச்சா? இப்போ என்னைப் பாருங்க. எந்த வரைபடமும் வானத்துல இருந்து விழறதில்லை. ஒரு மனுஷன்தான் வரையறான். தனக்கு வேண்டியதைப் பெருசாப் போடறான், வேண்டாதவனை அழிச்சுடறான். அப்புறம் அந்தக் காகிதமே சட்டமாயிடுது. இன்னிக்கு இந்த மேடையில நம்ம நகர வரைபடத்தைத் திறந்து வச்சிருக்கோம். திசை சரி, அளவு சரி. நம்ம நகராட்சித் தலைவரோட ரெண்டு கல்யாண மண்டபமும் இருக்கு... தலைவர் சிரிக்கிறார், சந்தோஷம். ஆனா குப்பைமேட்டுக்குப் பின்னாடி மூணு தெரு இருக்கே, அங்க ஜனங்க குடியிருக்காங்களே... அந்த இடத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? காலியிடம்! தண்ணிக் குழாய் போட வர்றவன் இந்தப் படத்தைத்தான் பார்ப்பான். பிரசவ வலியில ஒரு பொண்ணு துடிச்சா, ஆம்புலன்ஸ்காரனும் இதைத்தான் பார்ப்பான். "படத்துல தெருவே இல்லீங்களே"ன்னு வண்டியைத் திருப்பிட்டுப் போவான். ஒரு வரைபடம் கையில கிடைச்சா வரைஞ்சது யாரு, அவன் யாரை விட்டுட்டான்னு முதல்ல கேளுங்க.

கை தட்டாதீங்க. உங்கள்ல யார்கிட்டயாவது பேனா இருந்தா, மேடைக்குக் குடுத்தனுப்புங்க.